அடுத்த 200 வைஃபை பெட்டிகளை வாங்குவதற்கு முன்: கல்லூரிக் கொள்முதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தென் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 14 ஆண்டுகள் நெட்வொர்க் பார்த்துக்கொண்டவன் நான். பதவியின் பெயர் ‘சிஸ்டம் அட்மின்’. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும், புரொஜெக்டர் மஞ்சளடித்தாலும், பயோமெட்ரிக் மெஷின் யாருடைய விரலையாவது ஏற்க மறுத்தாலும் கூப்பிட வேண்டிய ஆள் என்று அதற்குப் பொருள். கடந்த சில மாதங்களில் நண்பர்கள் வழியாக நான்கு கல்லூரிகளின் டெண்டர் அறிவிப்புகளைப் படித்தேன். நான்கிலும் வைஃபை என்ற தலைப்பின் கீழ் ஒரே கணக்குதான்: ஒரு தளத்துக்கு இத்தனை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையை ஒலிபரப்பும் பெட்டி), ஆக மொத்தம் இத்தனை, ஐந்து வருட வாரன்டி. எந்தப் பெட்டி எந்தச் சேனலில் (அலைவரிசையின் எந்தத் துண்டில்) ஓடும், எவ்வளவு சத்தமாகப் பேசும் (எவ்வளவு பவரில் ஒலிபரப்பும்), அதை யார் கவனிப்பார் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு கல்லூரிக்கு மட்டும் எழுதினால் புகார் ஆகிவிடும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். புதிதாக வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு மாதத்தில், இப்போது இருக்கும் பெட்டிகளில் சிலவற்றை அணைத்துப் பாருங்கள். மீதியின் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.

சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஐந்து மடை. தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். இன்று மேலமடை, நாளை நடுமடை. ஆறாவதாக ஒரு மடையை வெட்டினால் வயலுக்குத் தண்ணீர் கூடும் என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. கண்மாயில் இருப்பதுதான் தண்ணீர். வைஃபையில் கண்மாய்த் தண்ணீர் என்பது காற்றில் கிடைக்கும் நேரம். ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டு, அவர் முடித்ததும், ஒரு சின்ன இடைவெளி விட்டுப் பேச வேண்டும். அடுத்த அறைப் பெட்டியும் அதே சேனலில் இருந்து, அதன் குரல் இங்கே கேட்டால், அதுவும் இதே வரிசையில்தான் நிற்கிறது. பெட்டியைக் கூட்டினால் மடை கூடுகிறது, நீர் கூடுவதில்லை.

இந்தத் தொல்லை வைஃபைக்கு முன்பே தெரிந்த ஒன்று. 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே கணினிகளை ரேடியோவால் இணைத்த அலோஹா வலையில், யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தோன்றியபோது அனுப்பினார்கள், மோதிக்கொண்டால் மறுபடி அனுப்பினார்கள். அப்படிச் செய்தால் அந்த அலைவரிசையில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் பயன்படாது என்பது அன்றே போட்டுப் பார்த்த கணக்கு. ‘முதலில் கேள், பிறகு பேசு’ என்ற ஒழுங்கு அதற்குப் பின் வந்ததுதான். வைஃபை அந்த ஒழுங்கில் ஓடுகிறது. நல்ல ஒழுங்குதான். ஆனால் வரிசையில் நிற்பவர்கள் கூடக்கூட, நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மாடி, தளத்துக்கு 24 அறை, நடுவில் நீளமான நடைபாதை. அந்த நடைபாதையின் கூரையில் தளத்துக்கு எட்டுப் பெட்டி. ஆய்வுக் குழு வரும்போது வரிசையாகப் பச்சை விளக்கு எரிவது அழகாகத்தான் இருந்தது, போட்டோவும் எடுத்தார்கள். இரவு ஒன்பதரைக்குப் பசங்கள் மெஸ்ஸிலிருந்து திரும்பியதும் எனக்கு போன் வரத் தொடங்கும். “சார், டவர் ஃபுல்லா காட்டுது, ஆனா சுத்திக்கிட்டே இருக்கு சார்.” இந்த ஒரே வாக்கியத்தை எத்தனை குரலில் கேட்டிருக்கிறேன்!

நிர்வாகம் லீஸ்டு லைன்மேல், அதாவது கல்லூரிக்குள் வரும் இணைய இணைப்பின்மேல், பழி போட்டது. 500 எம்பிபிஎஸ் வேகம் இருந்ததை இரண்டு மடங்காக, 1 ஜிபிபிஎஸ் ஆக்கினார்கள். மறுநாள் காலை அந்த லைனின் பயன்பாட்டு கிராஃப் எடுத்துப் பார்த்தேன். உச்ச நேரத்திலும் பழைய 500-இல் பாதியைக்கூட அது தொட்டிருக்கவில்லை. அதாவது, காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் வாய்க்கால் தலைப்பிலேயே நின்றது. அந்த கிராஃபை அச்செடுத்து மேசையில் வைத்தேன். “வெண்டர்கிட்ட கேளுங்க” என்றார்கள். வெண்டரிடம் கேட்டேன். இன்னும் 40 பெட்டி வேண்டும் என்றார். அவருக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று வருமானம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு போனில் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாம் மாடியில் ஒரு நடை நடந்தேன். ஒரு மூலையில் நின்று ஆறாம் சேனலில் மட்டும் எண்ணினேன். பத்தொன்பது பெயர்கள். எங்கள் பெட்டிகள், மேல் தளத்துப் பெட்டிகள், கீழ்த் தளத்துப் பெட்டிகள், பசங்களின் ஹாட்ஸ்பாட், வார்டன் அறை பிரின்டர் யாரும் கேட்காமலேயே தன் பெயரில் ஒலிபரப்பிக்கொண்டிருந்த ஒன்று. நடைபாதையில் பெட்டி மாட்டினால் இதுதான் நடக்கும். நேர்க்கோட்டில் தடுப்பே இல்லாததால் பெட்டிகள் ஒன்றையொன்று பளிச்சென்று கேட்கின்றன. கேட்க வேண்டிய மாணவனோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கும் இரும்பு பீரோவுக்கும் பின்னால் கட்டிலில் படுத்திருக்கிறான்.

வைஃபை ஓடும் பழைய அலைவரிசைப் பட்டையான 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் ஊரில் 13 சேனல் இருப்பதாகப் பட்டியல் காட்டும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு பெட்டி பேசப் பிடிக்கும் அகலமோ சுமார் 20. ஆகவே ஒன்றையொன்று உரசாமல் உட்கார இடம் மூன்று பேருக்குத்தான்: 1, 6, 11. நான்கு மாடியில் 32 பெட்டிக்கு மூன்று இருக்கை. ஒரு தளத்துக்குத் திட்டம் போட்டால் போதாது. சிமென்ட் தளத்தைத் தாண்டி மேலும் கீழும் கசிவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. எங்கள் பேராசிரியர் ஒருவர், நல்ல மனிதர், ஆய்வகத்தில் சொந்தமாக ஒரு ரூட்டர் வைத்திருந்தார். அவரும் ஆப் பார்ப்பவர்தான். “ஒண்ணுலயும் ஆறுலயும் கூட்டம், மூணு காலியாக் கெடக்கேப்பா” என்று மூன்றாம் சேனலில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டடம் முழுக்கப் படுத்துவிட்டது. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதால் விலகி நின்று முறை கொடுப்பார்கள். மூன்றில் இருப்பவனின் பேச்சு ஒன்றுக்கும் புரியாது, ஆறுக்கும் புரியாது. இருவருக்கும் அது வெறும் இரைச்சல். அவர்கள் பேச்சு அவனுக்கும் அப்படியே. காலியாகத் தெரிந்த இடம், இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் பொதுச்சுவர். அவரிடம் இதைப் படம் போட்டு விளக்க எனக்கு ஒரு மதியம் ஆனது. அதன்பின் தன் மாணவர்களுக்கு என்னைவிட நன்றாக அவர் விளக்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். பெட்டிகளைப் பெரும்பாலும் முழுப் பவரில் விட்டுவிட்டுப் போகிறார்கள். 100 மில்லிவாட், 200 மில்லிவாட். மாணவன் கையில் இருக்கும் போன் சில பத்து மில்லிவாட்டில் பேசுகிற சாதனம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி மூன்று தெரு தாண்டிக் கேட்கும். மூன்று தெரு தள்ளி நின்று நீங்கள் பதில் சொன்னால் மைக் பிடித்திருப்பவருக்குக் கேட்குமா? டவர் ஃபுல்லாகக் காட்டியும் சுற்றிக்கொண்டே இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். போனுக்குப் பெட்டி கேட்கிறது. பெட்டிக்குப் போன் கேட்கவில்லை. அதே போன், படிக்கட்டு ஏறி அடுத்த தளத்துக்குப் போனாலும் பழைய பெட்டியை விடாது; எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது போன்தான், எல்லாப் பெட்டிகளையும் ஓரிடத்திலிருந்து நடத்தும் நம் கன்ட்ரோலர் அல்ல. பழைய குரல் இன்னும் உரக்கக் கேட்கும்போது அது ஏன் புதிதாக ஒன்றைத் தேடப்போகிறது? நான் விடுதியில் 2.4-ஐ 12 மில்லிவாட் அளவுக்கு இறக்கினேன். வார்டன் வந்து, “கோடு ஒண்ணு குறையுதேப்பா” என்றார். கோடு குறைந்தது. வீடியோ ஓடியது.

ஆனாலும் காற்றை அதிகம் தின்றது இவை எதுவும் அல்ல. பெயர்கள்தான். மாணவருக்கு ஒரு வைஃபை பெயர், ஆசிரியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, விடுதி, தேர்வு, நூலகம், அலுவலகம், ஆய்வுக் குழுவுக்கென்று தனியாக ஒன்று. எட்டு. ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு பெட்டியும் நொடிக்குப் பத்து முறை, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கூவ வேண்டும். அதற்கு பீக்கன் என்று பெயர். மாற்றாமல் விட்டால், 2.4-இல் அந்தக் கூவல் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போகும். 1997-ல் வந்த முதல் வைஃபை தரத்தின் வேகம், எப்பேர்ப்பட்ட பழைய சாதனத்துக்கும் புரியட்டும் என்று வைத்திருப்பது. ஒரு பீக்கன் சுமார் 300 பைட் என்று வைத்தால் அதைச் சொல்லி முடிக்க இரண்டரை மில்லிநொடி ஆகிறது. எட்டுப் பெயர், நொடிக்குப் பத்து முறை: 200 மில்லிநொடி. ஐந்தில் ஒரு பங்கு நேரம், ஒரு மாணவன்கூட ஒரு பைட் அனுப்பாதபோதே, ஒரே ஒரு பெட்டிக்குப் போய்விட்டது. அதே சேனலில் மூன்று பெட்டி ஒன்றையொன்று கேட்கும் இடத்தில் ஐந்தில் மூன்று பங்கு. நட்டநடு இரவில், எல்லாரும் தூங்கும்போதும்.

இரண்டே பெயர் வைத்து, குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் ஆக்கினால் இதே செலவு நொடிக்கு நாலைந்து மில்லிநொடியாக இறங்கும். பைசா செலவில்லை. யார் மாணவர், யார் ஆசிரியர் என்று பிரிக்கப் பெயர் தேவையே இல்லை. உள்நுழையும்போது, யார் எவர் என்று சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஆளைப் பார்த்து உரிய வலைக்கு அனுப்பிவிடும். எஜுரோம் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு கல்லூரியின் கணக்கை வைத்து வேறு வளாகத்திலும் வைஃபையில் நுழைய விடும் ஏற்பாடு அது; ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்பான எர்நெட் நடத்துகிறது. எத்தனையோ நாடுகளின் வளாகங்களுக்கு ஒரே ஒரு பெயர் போதுமானதாக இருக்கிறது. நமக்கு ஒரு காம்பவுண்டுக்குள் எட்டு.

மிகப் பழைய லேப்டாப், சில மலிவான கருவிகள், 12 எம்பிபிஎஸ் என்றால் ஒட்டாமல் போகலாம். எங்களிடம் அப்படி மாட்டியது ஒரு வருகைப்பதிவு மெஷினும் நூலகத்து பார்கோடு ரீடரும். இரண்டுக்கும் கேபிள் இழுத்தேன், முடிந்தது.

தேர்வு நாளைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. கருத்தரங்கக் கூடத்தில் 150 பேருக்கு ஆன்லைன் இன்டர்னல் தேர்வு. ஆறு பெட்டி, ஒவ்வொன்றிலும் 2.4-க்கு ஒரு ரேடியோ, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு ஒரு ரேடியோ. பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ‘ஸ்டார்ட்’ அழுத்தினார்கள். பத்தே காலுக்குப் பாதிப் பேர் கைதூக்கிக்கொண்டிருந்தார்கள். தேர்வு ஒத்திவைப்பு. அடுத்த வாரத் தேர்வுக்கு முந்தின மாலை நான் செய்தது இவ்வளவுதான்: ஆறில் நான்கு பெட்டியின் 2.4 ரேடியோவை அணைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் ஆறும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடிக்கொண்டிருந்தன, அதை 20 ஆகச் சுருக்கி, ஆறுக்கும் ஆறு தனிச் சேனல் கொடுத்தேன். துறைத்தலைவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஆஃப் பண்ணினா எப்படிப்பா வேகம் வரும்?” மறுநாள் 150 பேரும் எழுதி முடித்தார்கள். வெண்டர் ஏதோ அப்டேட் போட்டதால்தான் சரியானது என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

அந்த 80-ஐப் பற்றி ஒரு சொல். டெண்டர் தாளில் அதிக வேகம் காட்ட அகலமான சேனல் வேண்டும். அதனால் எல்லாரும் 80, 160 என்று கேட்கிறீர்கள். 2018-ல் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டது. 20-20 ஆக நறுக்கினால் இருபதுக்கு மேல் தனித்தனி சேனல் கிடைக்கும். 80 ஆக நறுக்கினால் ஐந்தாறுதான். ஒரு வீட்டில் ஒரு பெட்டி என்றால் 80 சரி. வளாகத்தில் அது, பந்தியில் ஒருவரே நாலு இலை விரிப்பது. நடுப்பகுதிச் சேனல்களில் ராடார் குரல் கேட்டால் பெட்டி உடனே இடம் காலி செய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. விமான நிலையம், வானிலை ராடார் பக்கத்தில் இருக்கும் கல்லூரிகள் ஒரு வாரம் பெட்டிகளின் லாக் (நிகழ்வுப் பதிவு) பார்த்துவிட்டு அவற்றைத் தொடுவது நல்லது.

கன்ட்ரோலரில் ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்பீர்கள். ஓரளவு பார்க்கும். ஆனால் அது வகுப்பு நடக்கும் பகல் பதினோரு மணிக்கும் சேனல் மாற்றும். மாற்றினால் தொங்கிக்கொண்டிருந்த போன்கள் உதிரும். அதிகாலை மூன்று மணிக்கு மட்டும் மாற்று என்று கட்டிப்போட்டேன். 2.4-இல் ஆட்டோவே வேண்டாம், மூன்று இருக்கைக்கு என்ன ஆட்டோ?

நான்கு டெண்டர்களில் இரண்டில் வேறொரு வரியும் பார்த்தேன்: மாணவர்களின் தனிப்பட்ட ஹாட்ஸ்பாட்டுகளைக் கண்டறிந்து துண்டிக்கும் வசதி. பொய்யான துண்டிப்புச் செய்திகளைக் காற்றில் அனுப்பி அடுத்தவர் இணைப்பை உடைப்பதற்குத்தான் இப்படி மரியாதையான பெயர். 2014-ல் அமெரிக்காவில் நாஷ்வில் நகர விடுதியொன்றில் விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டுகளை இப்படித் துண்டித்ததற்காக மேரியட் நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்டியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மாணவன் தன் டேட்டாவைச் செலவழித்து ஹாட்ஸ்பாட் போடுகிறான் என்றால் உங்கள் வைஃபை அவனுக்கு வேலை செய்யவில்லை என்று பொருள். எங்கள் விடுதியில் பவரைக் குறைத்துப் பெயர்களைச் சுருக்கிய பிறகு, அதே மூலையில் நின்று மறுபடி எண்ணினேன். பத்தொன்பது, ஏழானது. யாரையும் துண்டிக்கவில்லை.

ஆகவே டெண்டரில் பெட்டி எண்ணிக்கையை அடித்துவிட்டு, வேலையை எழுதுங்கள். ‘இந்தக் கூடத்தில் 150 பேர் ஒரே நேரத்தில் தேர்வு எழுத வேண்டும், விடுதி அறையில் கதவைச் சாத்தியபின் கட்டிலில் இருந்து வீடியோ பார்க்க முடிய வேண்டும், பணம், அளந்து காட்டிய பிறகு.’ நடைபாதையை விட்டு அறைக்குள் மாட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று அறைக்கு ஒன்று, அடுத்த தளத்தில் அதற்கு நேர் மேலே வராமல் தள்ளி. அளந்த பிறகு, எங்காவது இன்னும் பத்துப் பெட்டி தேவை என்று தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 1993-ல் ‘வயர்லெஸ் ஆண்ட்ரூ’ என்ற பெயரில் வளாகம் முழுக்க ரேடியோ வலை போடத் தொடங்கியபோது, வைஃபை என்ற சொல்லே கிடையாது. அலெக்ஸ் ஹில்ஸ் தலைமையில் அவர்கள் கட்டடம் கட்டடமாக நடந்து, அளந்து, இடம் மாற்றி, மறுபடி அளந்துதான் மாட்டினார்கள். அன்றைக்கு அவர்களிடம் இருந்ததைவிட நல்ல அளவுகருவி இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

கடைசியாக ஆள். எங்கள் கண்மாயில் மடை திறக்க நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். நூறு ஏக்கர்க்காரராக இருந்தாலும் தானே போய் மடையைத் தொடக்கூடாது; அவரிடம்தான் சொல்ல வேண்டும். அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். உங்கள் வளாகத்தில் சேனலைத் தொடும் உரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். வெண்டரிடம் ஒரு பாஸ்வேர்டு, துறைத்தலைவரிடம் ஒன்று, எப்போதோ வேலையை விட்டுப்போன பையனிடம் ஒன்று. எவரும் எப்போதும் மாற்றலாம், எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆளை நியமியுங்கள். பிரின்டர் பேப்பர் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். வாரம் ஒருநாள் மாலையில் தளம் தளமாக நடக்க நேரம் கொடுங்கள். ஒரு துறையின் புது ரூட்டரை ‘வேண்டாம்’ என்று சொல்ல அதிகாரமும் கொடுங்கள். இருநூறு பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அவர் சம்பளம் பெரிதல்ல.

டெண்டர் மூடும் தேதிக்கு முன் ஒருநாள், இரவு ஒன்பதரைக்கு உங்கள் விடுதியின் இரண்டாம் மாடிக்குப் போய், போனில் ஆறாம் சேனலை எண்ணிப்பாருங்கள். எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டினால் என்னைக் கூப்பிடுங்கள். பக்கத்து ஊர் என்றால் பஸ் காசுகூட வேண்டாம், ஏணி மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சிஸ்டம் அட்மின்

பி.கு.: காலை பதினோரு மணி இடைவேளையில் கேன்டீனில் மட்டும் க்யூஆர் பேமென்ட் சுற்றினால், பப்ஸ் சூடு பண்ணும் மைக்ரோவேவ் அவன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான், அதற்குக் காத்திருந்து பேசும் பழக்கம் கிடையாது. எங்கள் கேன்டீன் அண்ணன் அதைக் கல்லாப் பக்கத்திலிருந்து பின்கட்டுக்கு நகர்த்தினார். அதற்கு யாரும் டெண்டர் விடவில்லை. நான் இரண்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.